காலி நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

"அதை ஏத்திட்டு வர்ற வண்டி வாடகைக்குப் புதுசா ரெண்டு சேர் வாங்கிடலாம்" என்றார் அப்பா.

போன மாதம் கும்பகோணத்து வீட்டைக் காலி செய்யப் போயிருந்தோம். தாத்தா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பாட்டி இனி சென்னையில் எங்களோடுதான். பாத்திரம், பீரோ, சாமி படம் எல்லாம் பிரித்தாயிற்று. மிச்சம் இருந்தது திண்ணையை ஒட்டிக் கிடந்த தாத்தாவின் நாற்காலி. தேக்கு மரம், பிரம்புப் பின்னல், அகலமான கைப்பிடி. வலது கைப்பிடியில் காபி டம்ளர் வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை. உட்காரும் இடத்தில் ஒரு மூலையில் பிரம்பு அறுந்துபோக, வயர் கூடை பின்னும் பச்சை வயரால் தாத்தாவே ஒட்டுப் போட்டிருந்தார்.

"எங்க ஃப்ளாட் லிஃப்ட்லயே இது ஏறாதும்மா. யாரு இதுல உட்காரப் போறா?"

"யாரும் உட்கார வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் பாட்டி.

அதோடு பேச்சு நின்றுபோனது. அன்று இரவு முழுக்க அந்த வீட்டில் எல்லோரும் நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தோம். ஒருவரும் அதில் உட்காரவில்லை.

வழக்கமாக எனக்கு வேலை தங்கம் விலை, மழை நிலவரம், தேர்வு முடிவு. காலையில் எழுந்ததும் அலர்ட் போட வேண்டும். இந்த வாரப் பத்திக்கு என்ன எழுதுவது என்று யோசித்தபோது அந்த நாற்காலியைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. சரி, அதையே எழுதலாம். எங்கள் வீட்டு நாற்காலியை மட்டும் அல்ல. கலைஞர்கள் மரத்திலும் கல்லிலும் செதுக்கி, மை தடவி, தாளில் அச்சடித்து வைத்த சில நாற்காலிகளையும் கட்டில்களையும் இன்று பார்ப்போம்.

டிக்கன்ஸ் எழுந்து போன இடம்

முதல் நாற்காலி இங்கிலாந்தில் இருக்கிறது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1870 ஜூன் 9 அன்று காட்ஸ்ஹில் என்ற இடத்தில் இருந்த தன் வீட்டில் இறந்துபோனார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த நாவல் பாதியில் நின்றது. அந்த நாவலுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர் லூக் ஃபில்ட்ஸ் என்ற இளைஞர். வயது இருபத்தாறு. டிக்கன்ஸ் இறந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனவர், டிக்கன்ஸின் எழுத்து அறைக்குள் நுழைந்து பார்க்கிறார். மேசை அப்படியே இருக்கிறது. நாற்காலி மேசையிலிருந்து சற்றே தள்ளி நிற்கிறது. இப்போதுதான் எழுந்து போனார், வந்துவிடுவார் என்பதுபோல.

ஃபில்ட்ஸ் அதை வரைந்தார். 'தி கிராஃபிக்' என்ற வாரப் பத்திரிகையின் 1870 கிறிஸ்துமஸ் இதழில் அது 'காலி நாற்காலி' என்ற தலைப்பில் அச்சாகி வந்தது.

அந்தக் காலத்தில் பத்திரிகையில் புகைப்படத்தை அப்படியே அச்சடிக்கும் வசதி கிடையாது. கெட்டியான பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், ஊசி போன்ற உளியால் கோடு கோடாகக் குடைவார்கள். குடைந்த இடம் வெள்ளையாக விழும், மேடாக நிற்கும் இடம் மையைப் பிடித்துக் கறுப்பாக விழும். அந்தக் கட்டையை எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். டிக்கன்ஸை நேரில் பார்த்தே இராத வாசகர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் ஒருவருடைய போட்டோவை ஸ்டேட்டஸில் வைப்பது போல. ஒரு வித்தியாசம், இந்தப் படத்தில் அந்த மனிதரே இல்லை.

அந்தப் படத்தைச் சேகரித்து வைத்திருந்தவர்களில் ஒருவர் வின்சென்ட் வான் கோ. 1882-ல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஆறு வருஷம் கழித்து, 1888 நவம்பரில், பிரான்ஸின் ஆர்ல் ஊரில் அவரே இரண்டு நாற்காலிகளை ஓவியமாகத் தீட்டினார். ஒன்று அவருடைய சொந்த நாற்காலி. கோரைப்புல் பின்னிய இருக்கை, அதன் மேல் பைப்பும் புகையிலையும். இன்னொன்று உடன் தங்கியிருந்த நண்பர் கோகெனின் நாற்காலி. அதில் ஒரு மெழுகுவத்தி, இரண்டு புத்தகங்கள். அடுத்த மாதமே நண்பர்கள் பிரிந்துவிட்டார்கள். பத்திரிகையில் வந்த அச்சுப் படம் ஒன்று, உலகமே அறிந்த அந்த ஓவியங்களுக்குப் பின்னால் நிற்கிறது என்றே கலை வரலாற்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள்.

சோபாவுக்குத் தெரிந்த ரகசியம்

அடுத்த வீடு பாரிஸில். ஃபெலிக்ஸ் வாலத்தோன் சுவிட்சர்லாந்தில் 1865-ல் பிறந்து பாரிஸுக்கு வந்து சேர்ந்தவர். மரச்செதுக்கு அச்சில் மன்னன். அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டே இரண்டுதான். கறுப்பு, வெள்ளை. நடுவில் சாம்பல் நிறம் என்ற சமரசம் கிடையாது.

1896-ல் அவர் செய்த 'சோம்பல்' என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு பெண் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு வெள்ளைப் பூனையை நோக்கிக் கை நீட்டுகிறாள். கட்டில் எங்கே என்று தேடினால் அதற்குச் சட்டமோ காலோ தெரியாது. விரிப்புகளிலும் தலையணைகளிலும் இருக்கும் கட்டங்களும் பூக்களுமே கட்டிலாகிவிடுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் மொத்தச் சுகமும் அந்த விரிப்பில் இருக்கிறது.

அதற்கடுத்து அவர் செய்த 'அந்தரங்கங்கள்' என்ற வரிசை அப்படியே எதிர்ப்பக்கம். 1898-ல் வெளியான 10 படங்கள். எல்லாமே ஆணும் பெண்ணும் தனியாக இருக்கும் வரவேற்பறை, படுக்கையறைக் காட்சிகள். ஒன்றில் இருவரும் இறுகத் தழுவிக்கொண்டிருக்கிறார்கள். கீழே தலைப்பு, 'பொய்'. யார் யாரிடம் பொய் சொல்கிறார்கள்? படம் சொல்லாது. இன்னொன்றின் தலைப்பு 'சரிசெய்ய முடியாதது'. ஒரே சோபாவில் இருவரும் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால், ஒரு வீட்டில் சண்டை முடிந்த பிறகு வருமே ஒரு மௌனம், அதை ஒரு தடவையாவது அனுபவித்தவர்களுக்கு அந்த சோபா நன்றாகவே தெரியும்.

'பணம்' என்ற படத்தில் பாதிக்கு மேல் வெறும் கறுப்பு. ஆணின் கோட்டு எங்கே முடிகிறது, அறையின் இருட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்கவே முடியாது. செதுக்காமல் விட்ட மரம்தான் அந்தக் கறுப்பு. அதாவது, எதையும் செய்யாமல் விட்டே மிரட்டியிருக்கிறார்.

இந்த வரிசையில் அவர் அச்சடித்தது 30 பிரதிகள்தான். அதன் பிறகு பத்து மரக்கட்டைகளையும் அறுத்துவிட்டார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை எடுத்துச் சேர்த்து ஒரே தாளில் அச்சடித்தார். இனி பிரதி வராது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ரகசியம் சொல்லும் படங்களுக்கு அப்படி ஒரு முடிவு பொருத்தம்தான் என்று தோன்றுகிறது.

முதுகைக் காட்டும் நாற்காலி

இப்போது நான் சொல்லப்போகும் நாற்காலிதான் கும்பகோணத்திலிருந்து திரும்பும் ரயிலில் என்னைத் தூங்கவிடாதது.

நார்வேயின் எட்வர்ட் மூங்க், 'அலறல்' ஓவியத்தை வரைந்தவர். அவருக்கு ஐந்து வயதானபோது அம்மா காசநோயால் இறந்தார். பதின்மூன்று வயதில், 1877-ல், அக்கா சோஃபியும் அதே நோயால் போனாள். அவளுக்கு வயது 15. கடைசி நேரத்தில் அவள் உட்கார்ந்திருந்தது ஒரு பிரம்பு நாற்காலியில்.

பதினாறு வருஷம் கழித்து, 1893-ல், மூங்க் அந்த அறையை வரைந்தார். 1896-ல் அதையே லித்தோகிராஃப் என்ற கல்லச்சாகவும் செய்தார். 'நோயாளி அறையில் மரணம்' என்று பெயர். அறையில் குடும்பமே இருக்கிறது. அப்பா, வளர்த்த சித்தி, அக்கா தங்கை, அண்ணன் தம்பி எல்லோரும். ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்கவில்லை. நாற்காலி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சாகப்போகிற பெண் அதில்தான் இருக்கிறாள், ஆனால் நம்மால் அவளைப் பார்க்க முடியாது. நாற்காலியின் முதுகு மறைத்துவிடுகிறது.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். அக்கா இறந்தபோது இவர்களில் பலரும் குழந்தைகள். படத்திலோ அவர்கள் எல்லோரும் வளர்ந்த பெரியவர்கள். வரைந்த காலத்தில் அவர்களுக்கு என்ன வயதோ அந்த வயதில் நிற்கிறார்கள். வருஷங்கள் ஓடியும் அவர்கள் இன்னும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

சோஃபியின் நினைவில் அவர் வரைந்த 'நோயுற்ற குழந்தை'யையும் ஓவியமாக மட்டும் ஆறு தடவை தீட்டினார். 1894-ல் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்சடித்தார். 1896-ல் கல்லில் வரைந்து வெவ்வேறு வண்ணங்களில் அச்சடித்தார். ஒரே துக்கத்தை எத்தனை முறைதான் சொல்வது? அச்சுக் கலை அதற்கு வாகாக இருந்தது. கல் இருக்கிறது, மை இருக்கிறது, திரும்பவும் ஒரு பிரதி எடுக்கலாம். இந்த முறை சிவப்பில், அடுத்த முறை வேறு நிறத்தில்.

அந்த உண்மையான பிரம்பு நாற்காலி என்ன ஆயிற்று? மூங்க் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாடு நாடாகச் சுற்றினார், ஊர் ஊராக வீடு மாறினார். 1944-ல், 80 வயதில் இறக்கும் வரை அந்த நாற்காலியைத் தூக்கிப் போடவில்லை. இப்போது அது ஆஸ்லோ நகரில், மூங்க் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இதைப் படித்ததும் பாட்டியின் குரல் காதில் கேட்டது. "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நம் கையில் இருந்த லித்தோகிராஃப்

கல்லச்சு என்றதும் ஏதோ தொலைதூரச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைவார்கள். பிறகு கல்லை ஈரமாக்குவார்கள். வரையாத இடம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளிவிடும். மேலே எண்ணெய் மையை உருட்டினால், மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே ஒரு சமையலறை உண்மைதான் மொத்தத் தொழில்நுட்பமும். கல்லுக்குப் பதில் உலோகத் தகடும், மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் உருளையும் வந்ததும் அதுவே ஆஃப்செட் ஆயிற்று. உங்கள் வீட்டுக்கு வரும் அச்சுப் பத்திரிகையும் அந்தக் குடும்பத்து வாரிசுதான்.

அதேபோல ஸ்க்ரீன் பிரிண்டிங். கல்யாண மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் விழுவது எப்படி? சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை, அதன் மேல் மை, ரப்பர் பட்டையால் ஒரு இழுப்பு. இதே முறையில்தான் அமெரிக்காவின் ஆண்டி வார்ஹால் உலகத்தின் மிகப் பயங்கரமான நாற்காலியை அச்சடித்தார். மின்சார நாற்காலி.

நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் இருந்த மரண தண்டனை அறையின் 1953-ம் வருஷத்துப் பத்திரிகைப் புகைப்படம் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். 1963-ல் அதைக் கேன்வாஸில் அச்சடிக்க ஆரம்பித்தார். அந்த மாநிலத்தில் கடைசி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதும் அதே வருஷம்தான். 1971-ல் 10 ஸ்க்ரீன் பிரிண்டுகள் கொண்ட தொகுப்பாக அது வந்தது. ரோஸ், மஞ்சள், நீலம் என்று மிட்டாய்க் கடை வண்ணங்கள். படத்தில் மனிதர் யாரும் இல்லை. வெறும் அறை, பட்டைகள் தொங்கும் நாற்காலி. வண்ணம் அழகாக இருக்க இருக்க வயிற்றைப் பிசைகிறது. நம் ஃபோனில் விபத்துச் செய்தியையும் டிரெஸ் விளம்பரத்தையும் ஒரே விரலால் தள்ளிவிட்டுப் போகிறோமே, அதை அப்போதே செய்து காட்டியிருக்கிறார் மனிதர்.

மனசு கனத்துவிட்டதா? ஒரு சந்தோஷ நாற்காலியும் இருக்கிறது. இங்கிலாந்தின் டேவிட் ஹாக்னி 1980-களின் நடுவில், அமெரிக்க அச்சுக் கலைஞர் கென் டைலரின் பட்டறையில் பெரிய பெரிய வண்ண லித்தோகிராஃப்கள் செய்தார். அதில் ஒன்று, லண்டனில் இருந்த அவருடைய ஸ்டுடியோவின் இரண்டு நாற்காலிகள். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்த பர்ஸ்பெக்டிவை அவர் தலைகீழாக்கிவிட்டார். தூரத்தில் இருக்கும் பக்கம் சிறுக்காமல் விரிகிறது. இந்தப் பக்கமும் தெரிகிறது, அந்தப் பக்கமும் தெரிகிறது. நாம் ஒரே இடத்தில் அசையாமல் நின்று எதையும் பார்ப்பதில்லை, நடந்துகொண்டே பார்க்கிறோம் என்பது அவர் கட்சி. அந்த நாற்காலிகள் "வாங்க, வந்து உட்காருங்க" என்று கை விரித்துக் கூப்பிடுகின்றன.

ஏன் நாற்காலி? ஏன் அச்சு?

இத்தனை படங்களையும் பார்த்தபிறகு எனக்கு ஒன்று தோன்றியது. அச்சு என்பது அழுத்தத்தின் தடம். மை தடவிய கட்டையைத் தாளில் அழுத்துகிறோம், கட்டையை எடுத்துவிடுகிறோம், தடம் நிற்கிறது. நாற்காலியும் அப்படித்தான். ஒரு மனிதர் வருஷக்கணக்கில் அதை அழுத்துகிறார். பிறகு எழுந்து போய்விடுகிறார். பள்ளம் நிற்கிறது, கைப்பிடியின் பளபளப்பு நிற்கிறது. நாற்காலிக்குக் கால், கை, முதுகு என்றெல்லாம் நாமே உடம்பின் பெயர்களை வைத்திருக்கிறோம். ஆள் இல்லாதபோது அது ஆளைப் போலவே தெரிவதில் ஆச்சரியம் என்ன?

தாத்தா காபி டம்ளர் வைத்த வட்டங்களைச் சொன்னேனே. யோசித்துப் பார்த்தால், அவையும் அச்சுதான். ஈரமான அடிப்பாகம், மரம், தினமும் இரண்டு வேளை. அவ்வளவு நீளமாக ஓடிய அச்சு வேலை எந்தப் பட்டறையில் நடந்திருக்கும்?

நான் எடுத்த ஒரு பிரதி

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு டிராயிங் தாளும் கறுப்பு மெழுகு கிரேயானும் வாங்கி வந்தேன். தாளை நாற்காலியின் பிரம்புப் பின்னல் மேல் விரித்து, தம்பியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கிரேயானின் காகிதத்தை உரித்துப் படுக்கை வாட்டில் தேய்க்க ஆரம்பித்தேன். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான்.

எட்டுக்கோணக் கண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நடுவில் பின்னல் தொய்ந்த இடத்தில் வரிகள் லேசாக வளைந்தன. மூலைக்கு வந்ததும் கோலமே மாறியது. மெல்லிய பிரம்புக்கு நடுவே தடித்த, குறுக்கும் நெடுக்குமான கோடுகள். பச்சை வயர் ஒட்டு.

பாட்டி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலை நேராக அந்த மூலையில் வைத்தார்.

"பின்னத் தெரியாம பின்னினார். நான் பிரிச்சுப் பின்னித் தரேன்னேன். தொடவே விடலை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர் சிரித்தார்.

மறுநாள் காலை சாமான் வண்டி வந்தது. அப்பா நாற்காலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாட்டிதான் எதிர்வீட்டில் துணி தேய்க்கும் அண்ணனைக் கூப்பிட்டார். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல், வாசல்படியில்தான் பொழுதைக் கழிப்பார்.

"இதை எடுத்துண்டு போப்பா. அந்த மூலையில மட்டும் பார்த்து உட்காரச் சொல்லு. வயர் குத்தும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி தெரு திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியில் ஒரு டம்ளர்.

மூங்க் நாற்காலியை வைத்துக்கொண்டார், பாட்டி கொடுத்துவிட்டார். எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேருமே அதை ஒரு தாளில் எடுத்து வைத்திருந்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது. எங்கள் தாள் இப்போது சென்னை ஃப்ளாட்டில், பாட்டியின் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. செலவு, தாளும் கிரேயானும் சேர்த்து 15 ரூபாய்.

இந்த வார வீட்டுப்பாடம்

உங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி இருக்கும். இல்லாவிட்டால் ஊஞ்சல் பலகை, கயிற்றுக் கட்டில், தையல் மெஷின் மூடி, படிக்கும் மேசை. மெல்லிய தாளை மேலே விரியுங்கள். நகராமல் பிடித்துக்கொள்ளக் கூட ஒருவர் வேண்டும், குழந்தைகளைக் கூப்பிடுங்கள். கிரேயானைப் படுக்கை வாட்டில் வைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே போங்கள். மரத்தின் ரேகை, கத்தி வெட்டு, யாரோ காம்பஸ் முனையால் கீறிய பெயர் எல்லாம் மேலே வரும். பின்பக்கத்தில் தேதியும், அது யாருடைய பொருள் என்பதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.

அந்தப் பொருளில் தினமும் உட்காருகிறவர் இன்னும் வீட்டில் இருக்கிறாரா? அப்படியானால் அவரையே தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேய்க்கத் தேய்க்க அவர் ஏதாவது கதை சொல்லுவார். அதையும் கேட்டு வையுங்கள்.

அடுத்த வாரம் இன்னொரு பொருளோடு வருகிறேன்.